எழுதப்படாத இருமல்

அந்த அட்டைப்பெட்டி ஆறு கிலோகூட இருக்காது. உள்ளே ஆயிரம் ரப்பர் கையுறைகள். அப்படிப்பட்ட பெட்டிகளைச் சந்திரிகா பத்தொன்பது வருடங்களாகத் தூக்கிக்கொண்டிருந்தார். 2023 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங்கை ஒட்டிய எங்கள் கையுறைத் தொழிற்சாலையில், தேநீர் இடைவேளை முடிந்து வந்தவர் தரையிலிருந்த ஒரு பெட்டியை மேசைக்கு ஏற்றினார். பெட்டி ஒழுங்காக மேசைக்குப் போய்விட்டது. சந்திரிகா மட்டும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். இரண்டு மேசை தள்ளி நின்ற நான் ஓடிப்போனேன்.

"என்னாக்கா?"

"தெரியல. முதுகுல என்னமோ விட்டுப்போன மாதிரி இருக்கு. உள்ளுக்குள்ள சத்தம் கேட்டிச்சி."

அதைத் தசைப்பிடிப்பு என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். புக்கிட் செந்தோசாவில் அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் களிம்பும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்துக் குளியலறையிலிருந்து வெளியே வரும்போது இரண்டு கால்களும் மரத்துப்போய் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கணவர் சிவநேசன் செம்பனை எண்ணெய் ஏற்றும் லோரி ஓட்டுபவர், பலசாலி. மனைவியைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் கிடத்தினார். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்த இளம் டாக்டர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதற்கு முன் புற்றுநோய் ஏதாவது வந்ததுண்டா?" என்று கேட்டார்.

வந்தது உண்டு. நான்கு வருடங்களுக்கு முன் இடது மார்பில் வந்தது. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பியிருந்தார். முடி வளர்ந்து வந்தபோது தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் நாங்கள் கேக் வெட்டினோம். அந்த வியாதியை முடிந்துபோன ஒன்றாகத்தான் நாங்களும் நினைத்தோம், அவரும் நினைத்தார்.

முடியவில்லை. முதுகெலும்பில் ஒரு கணுவை அது அரித்துத் தின்றிருந்தது. ஆறு கிலோ பாரத்தைக்கூடத் தாங்க முடியாமல் அந்தக் கணு நொறுங்கியிருந்தது. கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் படங்களை வைத்துக்கொண்டு டாக்டர் லிம் என்ற பெண்மணி மலாயில் நிதானமாகச் சொன்னார். எலும்புக்கும் ஹாத்திக்கும் பரவிவிட்டது. குணப்படுத்த முடியாது, கட்டுக்குள் வைக்கப் பார்க்கலாம்.

மலாயில் ஹாத்தி என்றால் ஈரல். மனத்துக்கும் அதே சொல்தான். வீட்டுக்குத் திரும்பும்போது சிவநேசன் சுங்கை சோ அருகே சாலையோரத்தில் காரை நிறுத்தினாராம்.

"சந்திரா, அந்தம்மா சொன்னப்போ, மனசுக்கெல்லாம் எப்படிப் பரவும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிக்கிட்டு இருந்தேன். அப்பறம்தான் ஈரல்னு புரிஞ்சிச்சி. ஈரல்னு புரிஞ்சும் ஓட்ட முடியல. ரெண்டு நிமிஷம் இருந்துட்டுப் போவோம்."

சந்திரிகாவுக்கு அழுகை வரவில்லை. முந்திய மாதம் பத்துமலைப் படிகளில் ஏறி இறங்கியதை நினைத்துப் பார்த்தார். அப்போதும் இது உள்ளே இருந்திருக்கிறது. பொங்கலுக்கு வீட்டைக் கழுவியபோதும் இருந்திருக்கிறது. தன் உடம்புக்குள் நடந்தது தனக்கே தெரியாமல் போனதுதான் அவருக்குப் பேரதிர்ச்சி. பின்னாளில் என்னிடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கதிர்வீச்சு கொடுத்து முதுகு வலியைக் குறைத்தார்கள். இடுப்புக்கு ஒரு பட்டை மாட்டினார்கள். மே மாதம் டாக்டர் லிம் வேறொன்றைப் பற்றிப் பேசினார். புதிய மருந்து ஒன்றை ஆராய்கிறார்கள், பல நாடுகளில் நடக்கிறது, விருப்பம் இருந்தால் சேரலாம். விளக்கிச் சொல்ல ஆய்வுப் பிரிவின் தாதி, எங்கள் வழக்கில் 'மிஸ்ஸி', வந்தார். பிரமிளா என்று பெயர், ராசா என்ற ஊரைச் சேர்ந்தவர், முப்பது வயதுக்கு மேல் இருக்காது.

"அக்கா, இதுல சேர்ற எல்லாருக்குமே மாசம் ஒரு தடவை இடுப்புல ரெண்டு பக்கமும் ஊசி உண்டு. அது ஏற்கனவே நல்லா தெரிஞ்ச மருந்து. அதுகூட தெனம் ஒரு மாத்திரை. பாதிப் பேருக்குப் புது மருந்து உள்ள மாத்திரை. மீதிப் பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. பாக்க ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்."

"எனக்கு எது மிஸ்ஸி?"

"உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர்தான் பிரிக்குது."

சிவநேசன் எழுந்துவிட்டார். "எலியை வெச்சிப் பாக்கற மாதிரி பாக்கறாங்களா? வேணாம் சந்திரா. வா போவலாம்."

சந்திரிகா உட்கார்ந்தே இருந்தார். பிரமிளா சொன்னது கணவரை விட அவருக்கு நன்றாகப் புரிந்தது. தொழிற்சாலையில் அவர் வேலையே அதுதான். ஒரு லாட்டில், அதாவது ஒரு தொகுதியில், லட்சக்கணக்கான கையுறைகள் இருக்கும். எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில நூறு எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, சொட்டுகிறதா என்று இரண்டு நிமிடம் பார்ப்பார். குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்று சொட்டினால்கூட முழு லாட்டையும் நிறுத்திவிடுவார். பார்த்துப் பொறுக்கி எடுத்தால் கணக்கு பொய்யாகிவிடும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

"ஊசி எப்படியும் கெடைக்கும். மாத்திரை கெடைச்சா லாபம், கெடைக்கலைன்னா நஷ்டம் இல்ல. இதானே மிஸ்ஸி?"

"கெடைச்சா லாபம்னு இன்னும் யாருக்கும் தெரியாதுக்கா. அதைத் தெரிஞ்சிக்கத்தான் இந்த ஆய்வே. கெடுதலும் இருக்கலாம். அதனாலதான் இது." பிரமிளா ஒரு சிறிய புத்தகத்தைக் கொடுத்தார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். "காய்ச்சல், இருமல், வயித்துப்போக்கு, அரிப்பு, எது வந்தாலும் எழுதணும். சின்னதுன்னு நீங்களா முடிவு பண்ணக் கூடாது. வேணாம்னு தோணினா எப்ப வேணும்னாலும் நீங்க வெளிய வந்துடலாம். ஆனா உள்ள இருக்கற வரைக்கும் உண்மைய எழுதணும்."

தமிழிலேயே இருந்த சம்மதப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் படித்துவிட்டுச் சந்திரிகா கையெழுத்துப் போட்டார்.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் வயிறு கலங்கியது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை போக வேண்டியிருந்தது. வாய் புண்ணாகியது. காலையில் பல் தேய்க்கும்போதே குமட்டியது. எல்லாவற்றையும் எழுதினார். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

"வெறும் மாத்திரை இப்படிப் படுத்துமா? எனக்கு நெஜ மருந்துதான் விழுந்திருக்கு லா," என்று என்னிடம் தொலைபேசியில் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான்கு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஈரலில் இருந்த கட்டிகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. வருட முடிவில் வேலைக்கே திரும்பிவிட்டார். பெட்டி தூக்கும் வேலை இல்லை, உட்கார்ந்து பார்க்கும் வேலை. எங்கள் பிரிவே அந்தப் புது மருந்தைக் கொண்டாடியது.

ஊசி போடும் செவ்வாய்க்கிழமைகளில் பழக்கமானவர்தான் அஜீஸா. அவரும் அதே ஆய்வில் இருந்தார். வயது நாற்பத்தாறு. அதிராம்பட்டினத்தில் பிறந்து, கோலசிலாங்கூரில் உணவகம் வைத்திருக்கும் நூருல் அமீனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவருக்கும் மார்பில் தொடங்கிய நோய்தான். இப்போது தோள் எலும்பிலும் ஈரலிலும் இருந்தது. சந்திரிகா சின்ன வயதில் குடியிருந்த தோட்டம் கோலசிலாங்கூருக்குப் போகிற வழியில்தான் என்று தெரிந்ததும் பேச்சு வளர்ந்தது. காத்திருக்கும் நேரத்தில் அஜீஸா டப்பாவைத் திறந்து, வடைபோல் பொரித்த இறால் வாடா கொடுப்பார். சந்திரிகாவால் ஒரு கடி கடித்துப் பார்க்கத்தான் முடியும்.

"ஒங்களுக்கு வயிறு பாடாப் படுத்துது. எனக்குப் பாருங்கக்கா, ஒண்ணுமே இல்ல. எனக்குச் சீனி மாத்திரைதான் குடுத்திருக்காங்க போல," என்பார் அஜீஸா.

"அப்படிச் சொல்லாத. ஒனக்கும் கட்டி சுருங்கியிருக்கில்ல?"

"அது ஊசியால இருக்கும். ஒங்க அளவுக்கு எனக்குக் குடுத்துவெக்கல."

அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு சம்பவம் நடந்தது. கிள்ளானிலிருந்து வரும் ஒரு சீனப் பெண்மணி, இவர்களைப் போலவே மாத்திரை சாப்பிட்டவர், அழுதுகொண்டே அறையிலிருந்து வெளியே வந்தார். ரத்தப் பரிசோதனையில் ஏதோ எண்கள் கூடிவிட்டதால் அவரை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரை அந்த நாற்காலிகளில் காணவில்லை. அந்த மாத்திரையை யாராவது தங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பது மட்டுமே சந்திரிகா, அஜீஸா இருவர் மனத்திலும் அன்று ஓடியது.

மே மாதம் ஊசிக்கு வந்தபோது அஜீஸா இரண்டு மூன்று முறை இருமினார். வறண்ட இருமல்.

"ரெண்டு வாரமா இருக்குக்கா. சளி ஒண்ணும் இல்ல. மிஸ்ஸிகிட்ட சொல்லணும்."

சந்திரிகா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். அவரே எனக்குச் சொன்ன வார்த்தைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"சொல்லிடாத லா. கடை அடுப்படியில நாள் பூரா நிக்கற, பொகை ஒத்துக்கலை, அவ்ளோதான். இத எழுதினா படம் எடுக்கணும்னு சொல்லுவாங்க, அப்பறம் மாத்திரைய நிறுத்திடுவாங்க. அந்தச் சீனம்மாவப் பாத்தயில்ல. தண்ணி நல்லாக் குடி, சரியாப் போயிடும்."

அஜீஸா கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். அந்த இரண்டு வாரத்துக் கட்டங்களையும் அவர் இன்னும் நிரப்பவில்லை. பேனாவை எடுத்து எல்லாவற்றிலும் 'ஒன்றுமில்லை' என்று எழுதினார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். வேலை நேரத்தில் எங்களிடம் தொலைபேசி இருக்கக் கூடாது. மேற்பார்வையாளர் வந்து, மருத்துவமனையிலிருந்து அலுவலகத்துக்கே அழைப்பு என்று சந்திரிகாவைக் கூட்டிப்போனார். நானும் பின்னால் போனேன்.

"அக்கா, மாத்திரைய இன்னிக்கே நிறுத்திடுங்க. இனி ஒண்ணுகூடப் போட வேணாம்," என்றது பிரமிளாவின் குரல். ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது.

"ஏன் மிஸ்ஸி? என் ஸ்கேன் நல்லாத்தானே இருந்திச்சி?"

"உங்களுக்கு மட்டும் இல்ல. எல்லா நாட்டுலயும் நிறுத்திட்டாங்க. மாத்திரை சாப்பிட்டவங்கள்ல சில பேருக்கு நுரையீரல் வெந்துபோற மாதிரி ஆயிருக்கு. கொஞ்ச பேர் எறந்துட்டாங்க. உங்களுக்கு வறட்டு இருமல், மூச்சு வாங்கறது, எதாவது இருக்கா?"

"எனக்கு இல்ல."

சொல்லிவிட்டுச் சந்திரிகா தொலைபேசியை விட்டு விலகிவிட்டார். பிரமிளா மறுமுனையில் "அக்கா, அக்கா" என்று அழைத்துக்கொண்டிருந்தார். பிறகு பேசுவார் என்று நான் சொல்லி அழைப்பைத் துண்டித்தேன்.

"என்னாக்கா ஆச்சி?"

"அஜீஸா," என்றார்.

அலுவலகத் தொலைபேசியிலிருந்தே அஜீஸாவின் எண்ணை அழுத்தினார். மூன்று முறை தவறாக அழுத்தினார். எடுத்தது நூருல் அமீன்.

"பாய், நான் சந்திரிகா பேசறேன். அஜீஸா எங்க?"

"படுத்திருக்காக்கா. படுத்திருக்கான்னு சொல்லக் கூடாது, ஒக்காந்துக்கிட்டே தூங்கறா. படுத்தா மூச்சு முட்டுதாம். அசதியா இருக்கும்னு விட்டுட்டேன்."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிடலையா?"

"கூப்பிட்டாங்களே, ஒம்பது மணிக்கே. இருமல் இருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னு சொல்லிட்டா. எங்கிட்டயும் அடுப்புப் பொகைதான்னு சொல்லுவா. வெள்ளிக்கெழமை வந்து படம் எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க."

இந்த இடத்தில் சந்திரிகா கண்களை மூடிக்கொண்டார். இறந்துபோகக்கூடும் என்று சொல்லிக் கேட்டபோதும் அஜீஸா இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்.

"பாய், அவ சொன்னது பொய். மே மாசத்துலேர்ந்து இருமல் இருக்கு. ஆஸ்பத்திரியில சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன். வெள்ளிக்கெழமை வரைக்கும் காத்திருக்காதீங்க. இப்பவே காடியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

பின்னால் கடையில் தட்டுகள் அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்களா சொன்னீங்க?" என்றார் நூருல் அமீன்.

"ஆமா. நான்தான்."

தொடர்பு அறுந்தது. சந்திரிகா உடனே பிரமிளாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். தேதி, அஜீஸா என்ன சொன்னார், தான் என்ன சொன்னார், புத்தகத்தில் என்ன எழுதப்பட்டது. பிரமிளா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. "மே மாசம் எந்த வாரம்?" என்று மட்டும் கேட்டார். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "மொதல்ல சொன்னது எந்தத் தேதி? இருமல் மட்டுமா, மூச்சும் வாங்கிச்சா?" கடைசியில், "சரிக்கா, அவசரப் பிரிவுல சொல்லி வெக்கிறேன்," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று சந்திரிகா பின்னர் சொன்னார்.

நூருல் அமீன் லாத்தார் நெடுஞ்சாலை வழியாக ஒரு மணி நேரத்துக்குள் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவசரப் பிரிவில் அஜீஸாவின் விரலில் பிராண வாயு அளக்கும் கருவியை மாட்டியபோது காட்டிய எண்ணைப் பார்த்து, சக்கர நாற்காலியைத் தள்ளி வந்த ஊழியர் ஓடத் தொடங்கினாராம். இரண்டு நுரையீரல்களின் அடிப்பகுதிகளும் படத்தில் வெள்ளையாக இருந்தன. அன்றே தீவிர சிகிச்சைப் பிரிவு. ஸ்டீராய்டு மருந்தும் முகமூடியில் பிராண வாயுவும் கொடுத்தார்கள்.

மறுநாள் மாலை சிவநேசன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். நூருல் அமீன் அந்தப் பிரிவின் வாசலில் நின்றிருந்தார். சந்திரிகாவைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சந்திரிகா ஒரு மணி நேரம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அதற்கடுத்த நாளும் போனார். அப்போதும் நூருல் அமீன் சுவர்ப்பக்கமே திரும்பி நின்றார். மூன்றாம் நாள் சிவநேசன், "வேணாம் சந்திரா, அவரு மனசு ஆறட்டும்," என்று தடுத்துவிட்டார்.

ஒன்பது நாள் கழித்து டாக்டர் லிம் வரச் சொன்னார். ஆய்வு நிறுத்தப்பட்டதால் யாருக்கு எந்த மாத்திரை கொடுக்கப்பட்டது என்ற விவரத்தைத் திறந்துவிட்டார்கள். பிரமிளாவும் இருந்தார். டாக்டர் ஒரு தாளைப் பார்த்துச் சொன்னார்.

"சந்திரிகா, உங்களுக்குக் கொடுத்தது வெறும் மாத்திரை."

சந்திரிகாவுக்குக் காதில் விழுந்தது, புரியவில்லை. பிரமிளா தமிழில் மறுபடி சொன்னார்.

"இல்ல மிஸ்ஸி, தப்பாப் பாத்திருப்பீங்க. எனக்கு வயித்தால போச்சி. வாயெல்லாம் புண்ணு. பதினாலு மாசமா கொமட்டல். என் புத்தகத்தப் பாருங்க, எல்லாம் எழுதியிருக்கேன்."

"எல்லாம் பாத்தாச்சுக்கா. நீங்க எழுதினது எல்லாம் உண்மைதான். சில பேருக்கு மருந்துன்னு நம்பறதாலயே அப்படி வரும். ஊசியாலயும் கொஞ்சம் வந்திருக்கலாம். உங்க கட்டி சுருங்கினது அந்த ஊசியாலதான்."

"அப்ப அஜீஸாவுக்கு?"

பிரமிளா டாக்டரைப் பார்த்தார். ஒருவர் விவரத்தை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. சந்திரிகாவுக்குச் சொல்லத் தேவையும் இல்லை.

சந்திரிகா அந்த அறையில் என்ன உணர்ந்தார் என்று நான் கேட்டிருக்கிறேன். நாற்காலியில் இருப்பது தான்தானா என்ற சந்தேகமே வந்துவிட்டதாம். பதினான்கு மாதங்களாக அவர் உடம்பு அவரிடம் பொய் சொல்லியிருக்கிறது. அந்தப் பொய்யை நம்பி, மருந்து எப்படிப்பட்டது என்று அறிந்தவள்போல, மருந்தை உண்மையாகவே தின்றுகொண்டிருந்த ஒருத்திக்கு அவர் புத்திமதி சொல்லியிருக்கிறார்.

சற்று நேரம் கழித்து அவர் கேட்டது இன்னொரு கேள்வி. கையுறைகளைத் தொங்கவிட்டுப் பார்க்கிறவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும்.

"டாக்டர், இத்தனை பேருக்கு இருமல் வந்தா நிறுத்தணும்னு ஒரு எண்ணிக்கை வெச்சிருப்பீங்க இல்லையா? அஜீஸாவோட இருமல் மே மாசமே அந்தக் கணக்குல சேர்ந்திருந்தா, ஆகஸ்டு வரைக்கும் போயிருக்குமா? நடுவுல வேற நாட்டுல யாராவது..."

டாக்டர் லிம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஒருவருடைய இருமலால் முடிவு மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. மாறியிருக்காது என்றும் உங்களிடம் சொல்ல மாட்டேன். இந்த ஊரில் மட்டும் இன்னும் மூன்று பேர் இருமலை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன பிறகு எல்லோரையும் நேரில் கூப்பிட்டு மறுபடி கேட்டோம். அப்போதுதான் தெரிந்தது."

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சிவநேசன் சோறு போட்டுக் கொடுத்தார், சந்திரிகா சாப்பிட்டார். குளிக்கச் சொன்னார், குளித்தார். மூன்றாம் நாள் சிவநேசனே பேச்சை எடுத்தார்.

"நான் அன்னிக்கி வேணாம்னு சொன்னேன். நீ சேர்ந்த. சேர்ந்ததால ஒனக்கு ஒண்ணும் கெட்டுப்போகல. அந்தப் புள்ளைக்கும் நீ வேணும்னு கெடுதல் பண்ணல."

"வேணும்னு பண்ணல. ஆனா பண்ணினது நான்தானே," என்றார் சந்திரிகா.

அஜீஸா பிழைத்துக்கொண்டார். பதினெட்டு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு, வீட்டுக்கு வரும்போது மூக்கில் குழாயோடு வந்தார். நுரையீரலில் விழுந்த தழும்பு அப்படியே இருக்கும் என்றார்கள். அக்டோபர் கடைசியில் அவரே சந்திரிகாவை அழைத்தார். மூச்சு வாங்கியதால் நான்கே வார்த்தைதான் பேசினார். "வீட்டுக்கு ஒரு தடவை வாங்கக்கா."

கோலசிலாங்கூரில் உணவகத்தின் மேல்மாடியில்தான் அவர்கள் வீடு. படி ஏற முடியாது என்பதால் கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைக் காலி செய்து அஜீஸாவுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். சந்திரிகா கட்டிலருகே நின்றார். அஜீஸாவின் முகம் ஸ்டீராய்டால் உப்பி, வேறு யாரோபோல் இருந்தது. குரலைக் கேட்ட பிறகுதான் அது அஜீஸா என்று மனம் ஒப்பியது.

"ஒக்காருங்க. அழுவாதீங்க. நீங்க அழுதா நானும் அழுவேன், அழுதா இருமல் வரும்."

"என்னால வந்திச்சி அஜீஸா."

அஜீஸா கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சு எடுத்து எடுத்துப் பேசினார். "ஒங்களால வந்திச்சின்னு நானும் மொத ரெண்டு வாரம் நெனச்சேன். ஒங்க மேல அவ்ளோ ஆத்திரம். அப்பறம் யோசிச்சேன். மே மாசம் நீங்க சொன்னீங்க. ஜூன் மாசம் யாரு சொன்னா? ஜூலையில? மிஸ்ஸி ஃபோன்ல கேட்டப்போ யாரு சொன்னா? நான்தானே இல்லைன்னேன். மாத்திரை நின்னுபோச்சின்னு அவங்க சொன்னதுக்கப்பறமும், இருமல்னு சொன்னா அடுத்த மருந்துலயும் சேக்க மாட்டாங்கன்னு பயந்தேன். நீங்க சொன்னது எனக்கு வசதியாப் போச்சிக்கா. அதுக்காக நீங்க சொன்னது சரின்னு ஆயிடாது."

"ஆவாது," என்றார் சந்திரிகா.

அப்போது நூருல் அமீன் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தார். ஒன்றைச் சந்திரிகாவின் பக்கத்தில் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்காமலேயே பேசினார்.

"வெள்ளிக்கெழமை வரைக்கும் இருந்திருந்தா இவ இல்லைன்னு டாக்டர் சொன்னாங்க. நீங்க ஃபோன் பண்ணீங்க. அது எனக்குத் தெரியுது. ஆனா எனக்கு இன்னும் கோவம் போகல. எப்பப் போகும்னு தெரியல. நீங்க வாங்க, போங்க. அத மட்டும் சொல்லிட்டேன்."

"சரி பாய்," என்றார் சந்திரிகா.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அஜீஸாவுக்கு இப்போது குழாய் இல்லை. கட்டில் திரும்ப மேல்மாடிக்குப் போய்விட்டது, படி ஏறும்போது நடுவில் ஒரு முறை நிற்கிறார். வேறு மருந்து சாப்பிடுகிறார், கட்டிகள் வளரவில்லை. சந்திரிகாவுக்கு மாத ஊசி தொடர்ந்தது. இந்த வருடம் ஜூன் மாத ஸ்கேனில் ஈரலில் புதிதாக இரண்டு புள்ளிகள் தெரிந்தன. ஊசி வேலை செய்வது குறைந்துவிட்டது என்றார் டாக்டர் லிம். வேறு ஒரு மருந்துக்கான ஆய்வு தொடங்குகிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

இந்த முறை சிவநேசன் எழுந்து போகவில்லை. "நீயே முடிவு பண்ணு, நான் காடி ஓட்றேன்," என்றார்.

சந்திரிகா சேர்ந்துவிட்டார். ஏன் என்று நான் கேட்டேன். இவ்வளவு நடந்த பிறகும் எப்படி மனம் வந்தது என்று கேட்டேன்.

"எனக்குக் குடுத்த ஊசி இருக்கில்ல, அதையும் எப்பவோ யாரோ ஒருத்தி ஒடம்புல போட்டுப் பாத்துத்தான் எனக்குக் குடுத்திருக்காங்க. அவளுக்கு என்னா வந்திச்சோ, அவ அதைச் சொல்லியிருக்கா. சொல்லாம மறைச்சிருந்தா எனக்கு இந்த ரெண்டு வருஷம் இல்ல. அவ பேரு என்னா, எந்த ஊருன்னுகூட எனக்குத் தெரியாது."

புது ஆய்வின் முதல் நாள் படிவத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு பிரமிளா அவரிடம் ஓர் உதவி கேட்டார். அன்று புதிதாகச் சேரும் இன்னொரு பெண் வெளியே காத்திருந்தார். தஞ்சோங் காராங்கிலிருந்து வந்தவர், பயந்துபோயிருந்தார். கொஞ்சம் பேசுகிறீர்களா என்றார் பிரமிளா. சந்திரிகா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெண் கேட்டார், "இந்த மருந்து நல்லதா அக்கா?"

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் சந்திரிகா.